மியூச்சுவலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மகளை இழந்துவிடுவேனா?

நூல்கண்டு (திருப்பூர்)

வணக்கம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி பதினான்கு மாதமாகத் திண்டுக்கல்லில் அவர் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். மகளுக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்பை அங்கேதான் முடித்தாள். யார் மேல் தப்பு என்று சொல்ல இங்கே வரவில்லை. இரண்டு பேர் மேலும் இருக்கிறது. சேர்ந்து வாழ முடியாது என்பது இருவருக்குமே தெரிந்துவிட்டதால் மியூச்சுவலில், அதாவது இருவர் சம்மதத்தோடு விவாகரத்து வாங்கிப் பிரிந்துகொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

போன வாரம் அவர்கள் வக்கீல் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். நகை, சீர் சாமான், பணம் எல்லாம் பேசியபடிதான் இருந்தது. ஏழாவது பத்தியில் இப்படி ஒரு வரி: "குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். தந்தை இனி எக்காலத்திலும் குழந்தையின் மீது எவ்வித உரிமையும் கோரமாட்டார்." அன்று ராத்திரி தூங்கவில்லை.

என் வக்கீல், "எல்லா மியூச்சுவலிலும் வருவதுதான், போட்டுவிடுங்கள், ஆறு மாதத்தில் முடிந்துவிடும்" என்கிறார். கம்பெனி நண்பர்களோ, "பிள்ளைக்கு அஞ்சு வயசு தாண்டியாச்சு, சட்டப்படி இனி அப்பனுக்குத்தான், கேஸ் போட்டு வாங்கு" என்கிறார்கள். எது உண்மை? கடைசியாக மகளைப் பார்த்தது மாட்டுப்பொங்கல் அன்று. மாமனார் வீட்டு வாசலில் கால் மணி நேரம். போன் செய்தால் எடுப்பதில்லை.

கறுப்புக்கோட்டு

தம்பி, பதினாறு வருடமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். அந்த வரியோடு கையெழுத்துப் போடாதீர்கள். நண்பர்கள் பேச்சைக் கேட்டு வழக்கும் போடாதீர்கள்.

முதலில் அந்த ஐந்து வயதுக் கணக்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6-வது பிரிவு, இயற்கைக் காப்பாளராக, அதாவது பிள்ளையின் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவராக, தந்தையை முதலிலும் அவருக்குப் பின் தாயையும் சொல்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை வைத்துத்தான் ஐந்து முடிந்தால் அப்பாவுக்கு என்று ஊரில் ஒரு கணக்கு ஓடுகிறது. அதே சட்டத்தின் 13-வது பிரிவை யாரும் படிப்பதில்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று அங்கே இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு வீட்டில், ஒரு பள்ளியில் வேர் பிடித்த பெண் குழந்தையை, வயது தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நீதிபதியும் பிடுங்கி உங்களிடம் தரமாட்டார்.

"தந்தைக்குப் பின்" என்ற சொல்லுக்கும் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்துவிட்டது. கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தைதான் காப்பாளர், அவர் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லப்போய் வந்த வழக்கு அது. தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று பொருள் இல்லை, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாயே காப்பாளர் என்று தீர்ப்பாயிற்று.

இனி ஏழாவது பத்தி. கஸ்டடி வேறு, காப்பாளர் உரிமை வேறு, பார்க்கும் உரிமை வேறு. குழந்தை யாரோடு தினமும் தூங்கி எழுகிறது என்பது கஸ்டடி. அது தாயிடம் இருக்கட்டும். அதற்காக நீங்கள் தந்தை என்பதையே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ரோஸி ஜேக்கப் வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது, 1973. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று சொன்ன தீர்ப்பு. சம்மதத்தின் பேரில் போட்ட கஸ்டடி உத்தரவாக இருந்தாலும் குழந்தையின் நலனுக்காக மாற்றலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டாலும் கதவு முழுக்க மூடிவிடாது. ஆனால் அதைத் திறக்க நீங்கள் இரண்டு மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைய வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிடும்.

வைகைக்கரை

நான் ஒரு தாய். மதுரை. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

அந்த ஏழாவது பத்தி மாதிரி ஒன்றை என் மனுவிலும் எழுதச் சொன்னது நான்தான். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மகனுக்கு நாலு வயது இருக்கும்போது, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்று அழைத்துப் போனவர் பதினோரு நாள் திருப்பித் தரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். போலீஸ் ஸ்டேஷனில், "அப்பாதானேம்மா கூட்டிட்டுப் போயிருக்கார், கடத்தலா?" என்றார்கள். கடைசியில் உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டுத்தான் பையன் வந்தான். வந்தபோது கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரு மாதம் இருட்டில் தனியாகப் பாத்ரூம் போகமாட்டான்.

அதனால் உங்கள் மனைவியோ மாமனாரோ கதவைச் சாத்தினால் அது வெறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பயமாக இருக்கலாம். இன்னொன்றும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கடைசியாக எப்போது பிள்ளைக்குப் பணம் அனுப்பினீர்கள்? பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு டீச்சர் யார் என்று தெரியுமா?

நூல்கண்டு (திருப்பூர்)

அக்கா, கோபம் இல்லை. மூன்று நாளாக என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

ஐப்பசி வரை மாதம் ஐயாயிரம் அனுப்பினேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு போனபோது வீட்டுக்குள் விடவில்லை. அந்தக் கோபத்தில் நிறுத்திவிட்டேன். காட்டாவிட்டால் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆகிறது. டீச்சர் பெயர் தெரியாது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று என் அம்மாவும் ஒரு தடவை சொன்னார். மனதில் ஒரு நாள் ஓடியதும் உண்மை. வாசலில் நிற்க வைக்கிறார்களே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர்கள் எதைப் பயந்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

கறுப்புக்கோட்டு

இப்படி ஒப்புக்கொள்ள மனசு வேண்டும். சரி, நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நாளைக்கே பணம் அனுப்புங்கள். பாக்கி ஆறு மாதத்துக்கும் சேர்த்து, முடியாவிட்டால் இரண்டு தவணையாக. வங்கிக் கணக்கில் போடுங்கள், யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். ஜீவனாம்சமும் பார்க்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சரக்கு கிடையாது. அவர்கள் காட்டவில்லை என்பதால் நீங்கள் பிள்ளையின் சோற்றை நிறுத்த முடியாது. நீங்கள் பணம் தரவில்லை என்பதால் அவர்கள் பிள்ளையை ஒளித்து வைக்கவும் முடியாது. இந்தத் தவறைப் பத்துக்கு ஆறு கட்சிக்காரர்களாவது செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். வைகைக்கரை அம்மா கேட்ட கேள்வியையேதான் நீதிபதியும் கேட்பார்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144. அதன்படி பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். எனக்கு எதுவும் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் பங்கு அதனால் போய்விடாது. அது பிள்ளையுடையது.

அப்புறம் எந்தக் கோர்ட் என்ற குழப்பம் வரும். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி தனியாக மனுப் போட்டால் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் கோர்ட்டில், அதாவது உங்கள் விஷயத்தில் திண்டுக்கல்லில்தான் போட முடியும். விவாகரத்து வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் கேட்டால் அங்கேயே முடியும். உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. அதற்கும் முன்னால் சமரச மையத்தில் உட்கார்ந்து அந்த ஏழாவது பத்தியைப் பேசி மாற்றுங்கள். மாதத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது, காலாண்டு அரையாண்டு லீவு, தீபாவளி பொங்கல், பிறந்தநாள், போன் எத்தனை மணிக்கு, பள்ளி மாற்றினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் வர வேண்டும். "நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிய உத்தரவு எதற்கும் உதவாது. நியாயம் எது என்று முதல் மாதமே சண்டை வரும். போனுக்கு யஷிதா சாஹு தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள், 2020. குழந்தை கையில் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது.

சனிக்கிழமைப் பிள்ளை

எனக்கு இருபத்தேழு வயது. இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெற்றோர்களும் வக்கீலும் பேசுகிறீர்கள், நான் அந்தப் பிள்ளையாக இருந்தவள்.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒரு அறையில் அப்பாவைப் பார்த்தேன். சுவரில் மிக்கி மவுஸ் வரைந்திருப்பார்கள். சுற்றி எல்லா மேசையிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ, ஒரு பிள்ளை, ஒரு டிபன் பாக்ஸ். யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. "சாப்பிட்டியா, படிக்கிறியா" முடிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்போம். எனக்குத் தோழிகளின் பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமையில்தான் வரும்.

அப்பா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஷூ வாங்கி வருவார். ஒவ்வொரு வருடமும் போன வருட அளவு. என் கால் அவர் இல்லாத வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. "சரியா இருக்கா?" என்று கேட்பார், இருக்கிறது என்று சொல்லி விரலை மடக்கிக்கொண்டு நடப்பேன். வீட்டுக்குப் போனதும் பாட்டி, "உன் சைஸ் கூடத் தெரியல பாரு" என்பார். அவருக்குத் தெரியவும் யாரும் விட்டதில்லை என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

நீதிபதி அறைக்குள் கூப்பிட்டு, "யார்கூட இருக்க உனக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார். நல்ல மனிதர், மிட்டாய் கொடுத்தார், மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பஸ்ஸில் வரும்போதே எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. நான் ஒப்பித்தேன். வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. அண்ணா, நீங்கள் எதற்காகப் போராடினாலும் சரி, உங்கள் மகளை அந்தக் கேள்விக்கு முன் கொண்டுபோய் நிறுத்தாமல் முடியுமா என்று பாருங்கள்.

கறுப்புக்கோட்டு

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு விவரமாகச் சொல்லும் பக்குவம் இருந்தால் அதன் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890 சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. வயது எதையும் குறிப்பிடவில்லை. சொல்லிக் கொடுத்த பதில் எது என்று அனுபவமுள்ள நீதிபதிகளுக்குப் பல நேரம் தெரியும். எல்லா நேரமும் தெரிந்துவிடாது.

ஆடிப்பட்டம்

இதற்கெல்லாம் ஒரே வழி ஐம்பதுக்கு ஐம்பது. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. சட்ட ஆணையமே 2015-இல் 257-ஆவது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பைச் சொன்னது. பத்து வருடமாகியும் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. எங்களைப் போன்ற அப்பாக்களை ஏடிஎம் மெஷின் ஆக்கிவைத்திருக்கிறார்கள். என் மகன் என்னைப் பார்த்தாலே ஓடுகிறான், அவன் மனதை அவர்கள் கெடுத்துவிட்டார்கள்.

வைகைக்கரை

அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஒரு வாரம் மதுரை, ஒரு வாரம் வேறு ஊர் என்றால் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும்? ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தெருவில், பேசிக்கொள்ளும் இருவருக்கு அது சரி. அடி வாங்கி ஓடிவந்தவளையும் வாரா வாரம் அந்த மனிதனின் வாசலில் போய் நில் என்று சட்டம் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது.

கறுப்புக்கோட்டு

அறிக்கை உண்மை. கூட்டுப் பொறுப்பு குழந்தையின் நலனுக்கு ஏற்றதாக இருந்தால் நீதிமன்றம் வழங்கலாம் என்பதுதான் அதன் பரிந்துரை. எல்லோருக்கும் கட்டாயமாகச் சரிபாதி என்று அது சொல்லவில்லை. அடி உதை இருந்த வீடுகளுக்குத் தனி வழி உண்டு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 21-வது பிரிவில் தற்காலிக கஸ்டடி கேட்கலாம். சந்திப்பு பிள்ளைக்குக் கெடுதல் என்று பட்டால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கவும் முடியும்.

மனதைக் கெடுப்பது பற்றி. 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. 2024-இல் ரம்னீஷ் பால் சிங் வழக்கில், குறிப்பிட்ட சம்பவங்களைக் காட்டாமல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மகன் ஓடுகிறான் என்றால் எதற்கு ஓடுகிறான் என்பதை ஒரு நல்ல குழந்தை மனநல ஆலோசகர் மூலம் பாருங்கள். கோர்ட்டிலேயே கேட்கலாம்.

பனங்காடு

இழை வேறு பக்கம் போகிறது என்றால் மன்னிக்கவும். நான் தூத்துக்குடி. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள். மகளுக்கு இப்போது எல்.கே.ஜி. சேர்க்கை. போன பள்ளியில் அப்பா பெயர் போடாமல் படிவம் வாங்கமாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். பின்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் அப்பா ஒரு வருடம் வராமல் இருந்துவிட்டு இப்போது பார்க்க வேண்டும் என்கிறார். எனக்கு என்ன நிலை?

கறுப்புக்கோட்டு

தங்கச்சி, தலை குனிய வேண்டியது நீங்கள் இல்லை. அதே 6-வது பிரிவில் திருமணம் ஆகாதவர்களின் பிள்ளைக்கு முதல் காப்பாளர் தாய், அவருக்குப் பின் தந்தை என்று இருக்கிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் பெயரை வெளியிடாமலே தீர்ப்புச் சொன்னது. திருமணம் ஆகாத தாய் காப்பாளர் உத்தரவு கேட்கும்போது தந்தையின் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவருக்கு நோட்டீஸும் தேவையில்லை என்று முடிவானது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் ஒரு பிரமாணப் பத்திரத்தின் பேரில் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தீர்ப்பின் நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

அவர் பார்க்க வேண்டும் என்று மனுப் போடலாம், அதை யாரும் தடுக்க முடியாது. முடிவு பிள்ளையின் நலனைப் பார்த்து வரும். பார்க்கிறாரோ இல்லையோ, ஜீவனாம்சக் கடமை அவருக்கு உண்டு. 144-இல் முறையான பிள்ளை, முறையற்ற பிள்ளை என்ற பேதம் கிடையாது. வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போனில் 15100.

பனங்காடு

வேறு பள்ளியில் சேர்த்துவிட்டேன் அக்கா. தலைமையாசிரியை ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா பெயர் என்ற இடத்தை மட்டும் நிரப்பச் சொன்னார். என் பெயரின் முதல் எழுத்துதான் அவளுக்கு இனிஷியல். புகாரையும் கொடுக்கத்தான் போகிறேன், அடுத்து வருகிறவளுக்காக.

நூல்கண்டு (திருப்பூர்)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சமரச மையத்தில் மூன்று முறை உட்கார்ந்தோம். முதல் முறை பேச்சே இல்லை. பாக்கிப் பணம் கணக்கில் ஏறியிருந்ததை மனைவி பார்த்திருந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை நானே, "தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று பயமா?" என்று கேட்டேன். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அழுதுவிட்டார். பயம்தான். முதல் ஆறு மாதம் திண்டுக்கல் எல்லைக்குள்ளேயே பார்க்கிறேன், திருப்பூருக்கு அழைத்துப்போக மாட்டேன் என்று நானாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

ஏழாவது பத்தி இப்போது ஒன்றரைப் பக்கம். முதல், மூன்றாம் ஞாயிறு காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. தினமும் ராத்திரி ஏழரைக்குப் போன். மாதம் ஏழாயிரம், ஐந்தாம் தேதிக்குள். பள்ளி மாற்றினால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அடுத்த கோடை லீவில் பத்து நாள் திருப்பூரில். டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கணக்கில் நன்றாக இருக்கிறாளாம், பேச்சுதான் குறைவாம்.

தங்கை எழுதிய ஷூவைப் படித்ததிலிருந்து அதே நினைப்பு. முதல் ஞாயிறு எதுவும் வாங்கிக்கொண்டு போகவில்லை. கடைக்கு அவளையே அழைத்துப் போனேன். கடைக்காரர் காலை அளந்து பன்னிரண்டு என்றார். நான் பத்து என்று நினைத்திருந்தேன்.

முதல் மோஷன், அதாவது மனுவோடு இருவரும் கோர்ட்டில் நிற்கும் முதல் கட்டம், முடிந்தது, அடுத்தது கார்த்திகையில் வருகிறது. இன்று மூன்றாம் ஞாயிறு. பஸ்ஸில் இருந்துதான் இதை எழுதுகிறேன், ஒட்டன்சத்திரம் தாண்டியாகிவிட்டது.